எண்பத்தேழு லட்சத்துப் பதினைந்தாயிரத்து எழுநூற்றொன்று

10 ஆகஸ்ட் 1987, திங்கள்

கர்ப்பப்பை வாயில் தையல் போட்டாயிற்று. கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். தலை கீழே, கால் மேலே. முப்பத்தேழாவது வாரம் வரை இப்படியேதான் கிடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். இன்றோடு இருபத்து நான்கு முடிந்திருக்கிறது. ஆக இன்னும் பதின்மூன்று வாரம், தொண்ணூற்றொரு நாள். 91ஐப் பார்த்தால் பகா எண் மாதிரி இருக்கும். ஆனால் ஏழு பதின்மூன்று. ஒன்பதாம் வகுப்பில் வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகளாவது இதில் விழுவார்கள், நானும் காதைத் திருகுவேன்.

பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று. பொழுது போக வேண்டுமே என்று இவர் தம்முடைய லாரி புக்கிங் ஆபீஸில் கொடுத்த டைரியைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

சிஸ்டர் ஜெபமணி என் அட்டையைக் கால்மாட்டுக் கம்பியில் உள்பக்கம் பார்க்க மாட்டிவிட்டார். கால்மாடு உயர்ந்திருப்பதால் அது நேரே என் முகத்தைப் பார்க்கிறது. செண்பகவல்லி, க/பெ ஆவுடையப்பன், வயது 28, எண் 8715701. முதல் இரண்டு இலக்கம் வருஷமாம், மற்றது வரிசை எண்ணாம்.

11 ஆகஸ்ட்

படுத்துக்கொண்டே செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே செய்தேன். விவரம் எழுதுவதாக இல்லை.

12 ஆகஸ்ட்

நாள் முழுக்க அந்த அட்டைதான் கண்ணில் படுகிறது. சும்மா பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன பொம்மையா? சோதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாலும் ஐந்தாலும் போகாது, கடைசி இலக்கமே சொல்லிவிடுகிறது. இலக்கங்களைக் கூட்டினால் 29, ஆகவே மூன்றாலும் போகாது. மும்மூன்றாக வெட்டி 701இல் 715ஐக் கழித்து 8ஐக் கூட்டினால் கழித்தல் ஆறு. இந்த ஒரே கணக்கில் 7, 11, 13 மூன்றும் தீர்ந்தன. மிச்சம் முறையே 1, 5, 7. ஏழில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்! மயிரிழையில் தப்பியிருக்கிறது. அதற்கப்புறம் 17இல் மிச்சம் 5, 19இல் 2. இதுவும் மயிரிழை.

படுத்திருக்கிற நினைப்பே ஒரு மணி நேரம் இல்லை.

அத்தை மத்தியானம் கஞ்சி கொண்டுவந்தார். கோயிலில் மந்திரித்த கயிறு ஒன்றையும் என் மணிக்கட்டில் கட்டினார். "பேசாம இரு புள்ள, ஒம் படிப்பெல்லாம் அங்கிட்டு வச்சுக்கோ" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கயிறு கட்டினால் பிள்ளை நிற்குமா? ஆனாலும் கையை நீட்டினேன். பெரிய மனுஷி மனசு நோகக் கூடாது.

13 ஆகஸ்ட்

8715701 பகா எண்தானா என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். தாளில், கையால். ஏன் என்று எழுத மாட்டேன். பொழுது போக வேண்டாமா, அதற்குத்தான்.

14 ஆகஸ்ட், வெள்ளி

பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்திருக்கிறது. மைதீன் பாத்து, மேலப்பாளையம், முப்பத்து மூன்று வயது, நாலாவது பிரசவம், ரத்தக் கொதிப்பு. பதினேழு வருஷமாகப் பீடி சுற்றுகிறவள். கை சும்மா இருந்தாலும் விரல்கள் இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டே இருக்கின்றன.

"என்னம்மா காலயிலேர்ந்து மொணமொணங்க? ஓதுதியா?" என்று கேட்டாள். அட்டையைக் காட்டினேன். இத்தனை பீடி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, ஏழு ஏழாகக் கட்டினால் ஒன்று மிஞ்சும், பத்தொன்பதாகக் கட்டினால் இரண்டு மிஞ்சும், எத்தனையாகக் கட்டினாலும் ஏதாவது மிஞ்சினால் அது பகா எண் என்றேன்.

"இருவத்தஞ்சு இருவத்தஞ்சாக் கட்டுனா ஒண்ணு மிஞ்சும்" என்றாள் யோசிக்காமலே. "பின்னாடி ரெண்டு எண்ணத்தப் பாத்தாப் போதுமே. கட்டுன்னா எங்களுக்கு இருவத்தஞ்சுதான். ஆமா, எம்பத்தேழு லட்சமா? ரப்பே! நான் சுத்துன மொத்தமும் அவ்வளவு வராதே."

எட்டாம் வகுப்போடு நின்றவளாம். என் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்தால் நான் காதுகளைத் திருகவே வேண்டியிருக்காது.

16 ஆகஸ்ட், ஞாயிறு

சண்டை. இவர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், சிரித்தார்.

"இதுக்கு எதுக்குச் செம்பா இவ்வளவு பாடு? ஆபீஸ்ல கால்குலேட்டர் கெடக்கு. நாலு நாள்ல தட்டிப் பாத்துச் சொல்லிருதேன்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "தட்டவும் வேண்டாம், பாக்கவும் வேண்டாம். அது பிரியாது. பிரியக் கூடாது. நான் பாத்துக்கிடுதேன், நீங்க கைய வைக்காதீங்க" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி தாயே" என்று மட்டும் சொன்னார்.

18 ஆகஸ்ட்

திட்டம் தயார். 2952ஐ 2952ஆல் பெருக்கினால் நம் எண்ணைவிடக் கொஞ்சம் குறைவு, 2953 என்றால் தாண்டிவிடுகிறது. ஆகவே எண் இரண்டாகப் பிரியுமானால் அதில் சின்னது 2952க்குள் இருந்தே தீரும். அதுவரைக்கும் உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அந்தப் பகா எண்களின் பட்டியல்?

சல்லடைதான்! ஒற்றைப்படை எண்களை வரிசையாக எழுதி, மூன்றின் மடங்கை அடி, ஐந்தின் மடங்கை அடி, ஏழின் மடங்கை அடி என்று போய் 53இல் நிறுத்தினால் அடிபடாமல் நிற்பவை எல்லாம் பகா எண்கள். கட்டம் போட்ட நோட்டு வாங்கிவரச் சொல்லி அத்தையிடம் சொன்னேன். நான் மல்லாந்து கிடந்து எழுதினால் பேனா இறங்கவில்லை. பாத்து அக்கா உட்கார்ந்து எழுதலாம், அவளுக்கு அனுமதி உண்டு.

"வரிக்கு இருவத்தஞ்சு எழுதுதேன். அப்பத்தான் எனக்கு எண்ண வாக்கு" என்றாள். ஒரு வரி ஒரு கட்டு.

20 ஆகஸ்ட்

29 வரை அடித்தாயிற்று. என்ன வேகம் இந்த மனுஷிக்கு! முப்பத்தொன்று என்றால் ஒரு கட்டும் ஆறும் என்று விரல் தாவிப் போய் அடிக்கிறது. நான் படுத்தபடி சரிபார்க்கிறேன். இதுவரை ஒரு தப்பு இல்லை.

22 ஆகஸ்ட், சனி

காலையில் கொஞ்சம் ரத்தம். ஊசி போட்டார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது.

53 ஒன்றுதான் பாக்கி இருந்தது. அக்காவே முடித்துவிட்டாள். பேனாவில் மை தீர்ந்துபோய், சிஸ்டர் காய்ச்சல் சீட்டில் கோடு போடுகிற சிவப்புப் பென்சிலை வாங்கி அடித்தாளாம். நான் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

23 ஆகஸ்ட்

நின்றுவிட்டது.

24 ஆகஸ்ட், திங்கள்

இருபத்தாறாவது வாரம் முடிந்தது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்து, "ரெண்டாவது தடவை தங்காமப் போனது இதே வாரம்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "முதல் தடவை இருபத்திரண்டு?" ஆமாம். சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வகுத்தலை இன்று தொடங்கினேன். தினம் எட்டு பகா எண். இது முடிவு.

1 செப்டம்பர்

முந்நூறைத் தாண்டிவிட்டேன்! கணக்கு இல்லாமல் இருந்தால் இந்நேரம் பைத்தியம் பிடித்திருக்கும். காலை டாக்டர் ரவுண்டு முடிந்ததும் நாலு, சாயந்திரம் காபிக்கு முன்னால் நாலு. அக்கா ஒவ்வொன்றுக்கும் மிச்சம் எவ்வளவு வரும் என்று முதலிலேயே குத்துமதிப்பாகச் சொல்வாள். பெரும்பாலும் தப்பு. தப்பினால் "பெறவு பாத்துக்கிடுதேன் ஒன்ன" என்று எண்ணைப் பார்த்து மிரட்டுவாள்.

9 செப்டம்பர்

எதிர்க்கட்டில்காரியும் கேட்கிறாள், "இன்னைக்கு எந்த எண்ணு டீச்சர்?" என்று. சிஸ்டர் ஜெபமணி காய்ச்சல் சீட்டின் மூலையில் நான் முடித்த கடைசி எண்ணைக் குறித்துவிட்டுப் போகிறார். டாக்டரம்மா அதைப் பார்த்து, "இது என்ன மருந்து?" என்றாராம்.

13 செப்டம்பர், ஞாயிறு

997! மூன்றிலக்கப் பகா எண்களில் கடைசி. மிச்சம் 924. இவரிடம் சொன்னேன். ஆயிரம் வரை நம் எண்ணை யாராலும் அசைக்க முடியவில்லை என்றேன். "பெரிய ஆள்தான்" என்று சிரித்தார். அத்தை கொடுத்துவிட்ட இடியாப்பத்தை வார்டுக்கே பங்கு வைத்தோம்.

பிள்ளை உதைக்கிறது. எழுதிவிட்டேன். எழுதலாம்தானே?

20 செப்டம்பர், ஞாயிறு

இவருக்கு என்னவோ ஆகிவிட்டது. வந்ததும் வராததுமாக, "எதுவரைக்கும் வந்திருக்க?" என்று கேட்டார். 1423 என்றேன்.

"எதுக்கு நாளுக்கு எட்டு? நாலு போதும். ரெண்டுகூடப் போதும். ஒனக்கு என்ன பரிச்சையா? மெல்லப் போ செம்பா."

யாரிடம் வந்து மெல்லப் போகச் சொல்கிறார்! நான் வேகமாகத்தான் போவேன் என்றேன். அவர் அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தார். ஆபீஸில் ஏதோ தொந்தரவு போலிருக்கிறது. கேட்டால் இல்லை என்கிறார்.

26 செப்டம்பர், சனி

இன்று செத்துப் பிழைத்தேன்.

1709ஆல் வகுத்தேன். மிச்சம் பூஜ்யம்.

மறுபடியும் பார்த்தேன், பூஜ்யம்தான். நோட்டு கீழே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சிஸ்டர் ஓடிவந்து நாடி பார்த்து, இனி நோட்டையே பிடுங்கி வைத்துவிடுவேன் என்று திட்டினார்.

அக்கா நோட்டை எடுத்துப் பார்த்தாள். நான் போட்ட வகுத்தலைப் பார்க்கவே இல்லை. அவள் வழியிலேயே போனாள். "ஆயிரத்து எழுநூத்தொம்பதா ஒரு கட்டு. அய்யாயிரத்து நூறு கட்டு கட்டுனா எவ்வளவு? எம்பத்தேழு லட்சத்துப் பதினஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம். நம்மகிட்ட இருக்கது எழுநூத்தொண்ணு. நூத்துத் தொண்ணூத்தொம்பது பீடி கொறையுதேம்மா. பெறவு எப்பிடிச் சரியாப் போவும்?"

போகாது! மிச்சம் 1510. நடுவில் வாய்ப்பாட்டையே தப்பாகச் சொல்லிப் பெருக்கியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர்! எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள முடியாதபடி கால் மேலே கிடந்தது, அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஒரு எண்ணு பிரிஞ்சா என்னம்மா போச்சு? அதுக்கு ஏன் இப்பிடி வெறச்சுப்போற?" என்று கேட்டாள். நோட்டை வாங்கி அடுத்த எண்ணை எழுதினேன்.

4 அக்டோபர், ஞாயிறு

2267 முடிந்தது. நாளைக்கு 2269இல் தொடங்க வேண்டும் என்று இவரிடம் சொன்னேன். கையிலிருந்த காபித் தூக்கு நழுவி, பாதி காபி என் போர்வையில். "ஒரு வாரம் லீவு விடேன் செம்பா. மழ பேஞ்சு குளுகுளுன்னு இருக்கு. கத படி. நான் பொஸ்தகம் வாங்கிட்டு வாரேன்" என்று கெஞ்சினார். ஆறு சாத்துக்குடி, ஒரு சீப்புப் பழம், இரண்டு வாரப்பத்திரிகை. மனுஷன் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. கணக்குப் போடுவது உடம்புக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

லீவு விடவில்லை.

5 அக்டோபர்

2273இல் மிச்சம் 1019. 2287இல் 2231. நல்ல மழை. ஜன்னலோரம் சாரல்.

9 அக்டோபர், வெள்ளி

பாத்து அக்காவுக்குப் பெண் குழந்தை! காலை பதினொரு மணிக்கு. ரத்தக் கொதிப்பு இன்னும் இறங்கவில்லை, அதனால் கீழே பிரசவ வார்டில் சில நாள் வைத்துப் பார்ப்பார்களாம். பக்கத்துக் கட்டில் காலி. மிச்சம் சொல்ல ஆளில்லை.

11 அக்டோபர், ஞாயிறு

2699 வரை வந்தாயிற்று என்றேன் இவரிடம்.

"எம்புட்டு?"

"ரெண்டாயிரத்து அறுநூத்துத் தொண்ணூத்தொம்பது."

நோட்டை வாங்கினார். முன்னும் பின்னுமாகப் புரட்டினார். "நடுவுல எதையும் விடலையே?" என்று கேட்டார். நானா விடுவேன்? எட்டு எட்டாக எண்ணி வைத்திருக்கிறேன் என்று சீறினேன். இன்னொரு தரம் புரட்டினார். அப்புறம் காரணமே இல்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். இத்தனை நாள் இருந்த முகமே இல்லை. "நீ போடு செம்பா, நல்லாப் போடு. நாளைக்குப் பத்துகூடப் போடு" என்றார்.

ஆபீஸ் தொந்தரவு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

15 அக்டோபர், வியாழன்

முடிந்தது! முடிந்தது! முடிந்தது!

கடைசி நாளுக்கு எட்டு இல்லை, ஏழுதான் இருந்தது. 2939: ஈவு 2965, மிச்சம் 1566. ஈவும் வகுத்த எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன, அதற்கு மேல் போக வழியில்லை. நானூற்று இருபத்து மூன்று பகா எண்கள் மோதிப் பார்த்து ஒன்றாலும் முடியவில்லை. 8715701 பகா எண்! அட்டையிலேயே எழுதச் சொன்னேன், சிஸ்டர் "பகா எண்" என்று சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டார். எதிர்க்கட்டில்காரி கை தட்டினாள். டாக்டரம்மா வந்து கை குலுக்கினார். நம்ப மாட்டீர்கள், கை குலுக்கினார்!

கீழே அக்காவுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். முப்பத்து நாலாவது வாரம் நடக்கிறது. ஒன்றும் ஆகாது. இனி ஒன்றும் ஆகாது.

16 அக்டோபர், வெள்ளி

அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். என்னைவிட அவளுக்குத்தான் பெருமை. நோட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "வராம பின்ன? எப்பிடி அடிச்சேன்! கழிவுக்குக்கூட ஒண்ணு சேத்துல்லா அடிச்சேன்" என்றாள்.

கழிவுக்கு ஒன்றா?

"ஆமா. கடைசிக் கட்டுல எப்பவும் ஒண்ணு ரெண்டு கூட வைப்போம். கடையில ஏதாச்சும் சொத்தைன்னு தூக்கிப் போட்ருவாவ, எண்ணம் கொறஞ்சா மொத்தத்தையும் தள்ளிருவாவ. கூடுனா குத்தமில்ல. அதான் கடைசியா அம்பத்து மூணு அடிக்கும்போது எதையாவது விட்டிருந்தா என்ன செய்யன்னு ஒண்ணு கூட அடிச்சி வச்சேன்."

பீடியில் ஒன்று கூடினால் குற்றமில்லை. சல்லடையில் ஒன்று விட்டுப்போயிருந்தால்தான் குற்றமில்லை, வீணாக ஒரு வகுத்தல் போட்டிருப்பேன். கூடுதலாக ஒன்றை அடித்தால் ஒரு பகா எண் பட்டியலிலிருந்தே போய்விடும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, எவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

அவள் போனதும் நோட்டைத் திறந்தேன். சிவப்புப் பென்சில் 53க்கு மட்டும்தான். 53இன் மடங்குகளில் சின்னவை முன்பே அடிபட்டிருக்கும்; 53 × 53இலிருந்து அடித்தால் 2809உம் 2915உம் மட்டுமே அடிபட வேண்டும். சிவப்பு இரண்டு இருக்க வேண்டும்.

மூன்று இருந்தது. மூன்றாவது, 2281.

ஏழால், பதினொன்றால், எல்லாவற்றாலும் பார்த்துவிட்டேன். பகா எண்தான். நான் சோதிக்காத ஒரே பகா எண்.

எழுதிவிடுகிறேன், யாருக்கு மறைக்க? இந்த எண் பிரியாமல் இருந்தால் என் பிள்ளை என்னோடு நிற்கும் என்று ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி நேர்ந்துகொண்டேன். அத்தையின் கயிற்றைப் பார்த்து மனசுக்குள் சிரித்தவள் நான்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

17 அக்டோபர்

வகுக்கவில்லை.

18 அக்டோபர், ஞாயிறு

இவர் அல்வாவோடு வந்தார். அட்டையில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, "பகா எண்தான் செம்பா. அதுல என்ன சந்தேகம்?" என்று அழுத்தி அழுத்திச் சொன்னார். ஆமாம் என்று நானும் சொன்னேன். மூன்றாவது சிவப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை. இவர் தாங்க மாட்டார்.

19 அக்டோபர்

இன்றும் இல்லை.

20 அக்டோபர், செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போகிறாள். சொல்லிக்கொள்ள வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் என் தலைமாட்டில் நெருங்கி உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேர்ந்துகொண்டது, முதல் இரண்டு, கழிவு, எல்லாம்.

"என் கையாலயா?" என்றாள். பிறகு நோட்டை என் நெஞ்சில் வைத்து, பேனாவைக் கையில் திணித்தாள். "போடு. நான் இருக்கேன். என்னன்னு பாத்திருவோம்."

போட்டேன். 8715இல் 2281 மூன்று தடவை, மிச்சம் 1872. ஏழை இறக்கினால் 18727. எட்டுத் தடவை, மிச்சம் 479. பூஜ்யத்தை இறக்கினால் 4790. இரண்டு தடவை, மிச்சம் 228.

மேலே ஒரே ஒரு இலக்கம் பாக்கி. ஒன்று.

228க்குப் பக்கத்தில் ஒன்றை இறக்கினேன். 2281.

அந்த எண்ணே வந்து நின்றது. மிச்சம் பூஜ்யம். இந்தத் தடவை தப்பே இல்லை. 2281 × 3821. பேனாவைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். விரலால் இரண்டு எண்ணையும் தொட்டாள்.

"மிச்சமே இல்லாம ரெண்டாப் பிரிஞ்சிருக்கு" என்றாள். "இதுக்கா கண்ணீர் விடுத? ஏ கிறுக்கி, பிரியாமலே இருந்தா பிள்ள எப்பிடிளா வெளிய வரும்? நானும் ஒண்ணா இருந்துதான் ரெண்டா ஆனேன். இந்தா, பாரு" என்று தன் குழந்தையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அது என் மூக்கில் கால் வைத்து உதைத்தது.

அழுதுகொண்டே சிரித்தேன். ஆமாம், ஒன்பது மாதம் பிரியாமல் இருக்க வேண்டும், அப்புறம் பிரிந்தே ஆக வேண்டும். நேர்ந்துகொள்ளத் தெரியாமல் நேர்ந்துகொண்டிருக்கிறேன்! கயிறு கட்டிய அத்தைகூட என்னைவிடத் தெளிவாகத்தான் வேண்டியிருப்பார்.

அக்கா போய்விட்டாள். போகும்போது, "ஆனாலும் நான் ஒண்ணு கூட அடிச்சது நல்லதுக்குத்தான். பத்துப் பதினஞ்சு நாள் நிம்மதியா இருந்தல்ல?" என்றாள். அவளை ஜெயிக்க முடியாது.

25 அக்டோபர், ஞாயிறு

இவரிடம் சொல்லவில்லை. பாவம், எவ்வளவு நம்பிக்கையாகப் பகா எண் என்கிறார். பிள்ளை பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

2 நவம்பர்

முப்பத்தாறு. உதை பொறுக்க முடியவில்லை. ஆனந்தமாக இருக்கிறது.

9 நவம்பர், திங்கள்

தையலைப் பிரித்தார்கள். செங்கல்லை எடுத்தார்கள். தொண்ணூற்றொரு நாள் கழித்துக் கால் தரையில் பட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஜன்னல் வரை நடந்தேன். "இனி எப்ப வந்தாலும் சரி" என்றார் டாக்டரம்மா.

10 நவம்பர்

நடந்துகொண்டே 3821ஐச் சோதித்தேன். 61 வரை பதினெட்டுப் பகா எண்கள் போதும். 61இல் மிச்சம் 39. பகா எண்! பிரிந்த இரண்டுமே இனி உடையாதவை.

13 நவம்பர், வெள்ளி

நேற்று மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு. பெண். இரண்டு கிலோ எழுநூறு. தொண்டை எட்டூருக்குக் கேட்கும்.

அத்தை என் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்துப் பிள்ளையின் தொட்டிலில் கட்டினார். நானே முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

அத்தை வெளியே போனதும் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஒரு விஷயத்த மறைச்சுட்டேன். அந்த எண்ணு பகா எண் இல்ல. அக்டோபர் இருவதாம் தேதியே பிரிஞ்சிட்டு. நீங்க பயந்திருவீங்கன்னுதான் சொல்லல" என்றேன்.

இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். லாரி புக்கிங் சீட்டு. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்து, வேர்வையில் மை பரவியிருந்தது. பின்பக்கம் அவருடைய கோணல் எழுத்து: 2281 × 3821. கீழே தேதி, 14.9.87.

"கைய வைக்காதீங்கன்னு சொன்னல்ல, மனசு கேக்கல" என்றார் தரையைப் பார்த்து. "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல தெனமும் நாப்பது அம்பதுன்னு ஒத்தப்படையாத் தட்டிக்கிட்டு வந்தேன். அது பிரியாதுன்னு ஒங்கிட்ட வந்து சொல்லணும்னுதான் செம்பா தட்டுனேன். அன்னைக்கு அது பிரிஞ்சிட்டு."

மெல்லப் போ என்றது, காபித் தூக்கு, சாத்துக்குடி, நோட்டில் 2281ஐக் காணாமல் சிரித்த அந்தச் சிரிப்பு. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இரண்டு மாதம் இந்தச் சீட்டைச் சட்டை மாற்றிச் சட்டை மாற்றி நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். நான் பாத்து அக்காவின் கையைப் பிடித்து அழுதேன். இவர் யார் கையைப் பிடித்தார்? கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லையாம்.

நன்றாகத் திட்டினேன். பிறகு அவர் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். இரண்டு பேருமாக அழுததில் பிள்ளை விழித்துக்கொண்டாள்.

சிஸ்டர் ஜெபமணி பிள்ளைக்குத் தனி அட்டை எழுதிக் கொண்டுவந்தார். எண் 8722354. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

"கடைசியில நாலு. ரெண்டால போயிரும்" என்றார் இவர், முகம் எல்லாம் பல்லாக.

"போகட்டும்" என்று சொல்லி, அட்டையைத் தொட்டிலில் எண் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினேன்.